அப்பா கொடுத்த அவுட்

லின்ஃபீல்ட், ஒக்லாந்து
20 மார்ச் 1994

அன்புள்ள அண்ணா,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். குளிர் குறைய உங்கள் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய மிளகாய்த்தூள் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது என்று ரதிதேவி எழுதச் சொன்னாள்.

நேற்றோடு நம் பிள்ளை பிரணவியின் சொஃப்ற்போல் பருவம் முடிந்தது. உங்கள் பேஸ்போலின் தங்கச்சிதான் இந்த ஆட்டம். பந்து பெரிது, மைதானம் சிறிது. இறுதியாட்டத்துக்கு வரவேண்டிய அம்பயருக்குக் காய்ச்சல். பெற்றோரில் அம்பயர் பரீட்சை எழுதித் தேறியவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். எதிரணி மவுண்ட் ஆல்பர்ட் பிள்ளைகள். அதில், ஓடிவருபவர்கள் கடைசியாகத் தொடவேண்டிய தட்டுக்குப் பின்னால் இருந்து பந்து பிடிப்பவள் நம் மகேசனின் மகள் பூங்கோதை. மகேசனைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், தமிழ்ப் பள்ளிக்கூட விழாக்களில் மைக்கைப் பிடித்தால் விடாத மனுஷன். ஆட்டம் தொடங்கமுன் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்கட பிள்ளை விளையாட நீங்களே அம்பயரோ? அப்ப முடிவை இப்பவே எழுதிப்போட்டு வீட்ட போவம்."

நான் குனிந்து தட்டைத் துடைத்தேன்.

கடைசி இன்னிங்ஸ். பிரணவியின் அணி ஒரு ஓட்டம் பின்னால். இருவர் அவுட். இரண்டாவது பேஸில் நின்ற பிரணவி, அடி விழுந்ததும் சுற்றி ஓடிவந்து தட்டை நோக்கிச் சறுக்கினாள். பந்தும் வந்தது. பூங்கோதை அதைப் பிடித்து, குனிந்து கையுறையால் அவளைத் தொடப்போனாள். கால் தட்டில் பட்டது முதலா, கையுறை காலில் பட்டது முதலா? முதலாவதென்றால் சேஃப், ஒரு ஓட்டம்; இரண்டாவதென்றால் அவுட். நான் அவுட் கொடுத்தேன். ஆட்டம் அதோடு முடிந்தது, பிரணவியின் அணி தோற்றது.

மகேசன் ஓடிவந்து கையைக் குலுக்கி, "மனுநீதிச் சோழன் ஐயா நீங்கள்" என்றார். மற்றவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். நாளைக்கு ஒருவரும் ஒரு சொல் சொல்ல முடியாதல்லவா.

பிரணவிக்குக் கொஞ்சம் கோபம். ஆறிவிடும்.

உடம்பைக் கவனியுங்கள்.

தம்பி,
விநாயகமூர்த்தி

*

ஸ்காபரோ, ரொறன்ரோ
10 ஏப்ரல் 1994

தம்பி மூர்த்தி,

உன் கடிதம் வந்தபோது வாசலில் பனி கிடந்தது, பதில் எழுதும்போது சேறு கிடக்கிறது. என் முழங்கால் இரண்டுக்கும் நோகிறது. மற்றபடி குறையில்லை.

இங்கே பேஸ்போல் தொடங்கிவிட்டது. வழக்கம்போல மேல்மாடியில் மலிவான இருக்கை. இரண்டு வருடம் தொடர்ந்து உலகக் கிண்ணம் எடுத்த எங்கள் ரொறன்ரோ அணி, இந்த வருடமும் எடுத்தால் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருக்கிறேன். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவர்கள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். கலியாணம் கட்டாதவனுக்கு ஒரு பைத்தியமாவது வேணும்.

பட்டம் கிடைத்ததற்கு வாழ்த்துகள், சோழ மகாராஜா. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உன் கடிதத்தில் ஆட்டத்துக்கு ஒரு பக்கம், மகேசனுக்கு அரைப் பக்கம், பிள்ளைக்கு ஒரு வரி. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று நம் அம்மா சொல்லுவா. உன் பிள்ளையைக் கொண்டு மூடலாம் என்று நினைத்தாயா?

அவள் அவுட் என்பதை நீ கண்டாயா? அதை மட்டும் எழுது.

ரதிதேவிக்கும் என் செல்லத்துக்கும் அன்பு.

அண்ணன்,
தண்டபாணி

*

லின்ஃபீல்ட்
8 மே 1994

அன்புள்ள பெரியப்பா,

நீங்கள் சுகமா? நான் சுகம். எழுத்துப்பிழைகளை அம்மா திருத்துவா என்றுதான் தமிழில் எழுதத் தொடங்கினேன். பிறகு இதை அம்மாவுக்குக் காட்ட விருப்பமில்லாமல் போய்விட்டது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

அப்பா உங்களுக்கு என்ன எழுதினார் என்று தெரியாது. நான் அவரோடு கதைக்கிறதில்லை. மார்ச் மாதத்திலிருந்து ஒரு சொல்லும் இல்லை. அவர் சாப்பிட்டு எழும்பின பிறகுதான் நான் மேசைக்கு வருவேன். ஆல்பனிக்கு வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவதாகச் சொல்கிறார், நான் பஸ்ஸில் போகிறேன். அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோகிறா. அம்மாவுக்குத்தான் பாவம்.

என் டீம் முழுக்க நான் சேஃப் என்கிறது. அம்மாவும் சேஃப் என்கிறா. ஆனால் அவுட் கொடுத்ததற்காக எனக்குக் கோபமில்லை, பெரியப்பா. அவர் ஏன் கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். அதை அவர் வாயால் சொல்லவேண்டும். அதற்குப் பதிலாக வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் மனுநீதிச் சோழன் கதை நடக்கிறது. தேருக்குக் கீழே கிடந்த மகனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

பிசியோதெரபி இங்கேயே படிக்கலாம். ஆனால் நான் தெற்கே தூரத்திலிருக்கும் டனீடினுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். கிடைத்தால் பெப்ரவரியில் போய்விடுவேன். இப்படியே போனால் திரும்பி வருவேனோ தெரியாது.

அன்று நடந்ததை மகேசன் மாமா வீடியோ எடுத்தவர். அப்பா அதைப் பார்க்க மாட்டேன் என்கிறார்.

நீங்கள் தந்த தொப்பியை இதை எழுதும்போதும் போட்டிருக்கிறேன்.

உங்கள்
பிரணவி

*

ஸ்காபரோ
29 மே 1994

என் செல்லம் பிரணவிக்கு,

உன் தமிழ் நன்றாயிருக்கிறது. இங்குள்ள பிள்ளைகளின் தமிழைவிடப் பிழை குறைவு. பெரியப்பாவுக்கு முழங்காலைத் தவிர ஒரு குறையும் இல்லை.

உன் அப்பாவை எனக்கு அவர் பிறந்த நாளிலிருந்து தெரியும். வீட்டில் ஒரு பலாச்சுளை குறைந்தாலும் முதலில் தன் பங்கைக் குறைப்பார். அது நல்ல குணம்தான். ஆனால் உன் பங்கையும் தன் பங்கென்று எண்ணிவிடுகிறார், அதுதான் கரைச்சல்.

அந்த வீடியோக் கசெற்றை எனக்கு அனுப்பச் சொல்லி அவருக்கு எழுதுகிறேன். நாற்பது வருடம் கிரிக்கெட்டும் ஆறு வருடம் பேஸ்போலும் பார்த்த கண் இது. என் தீர்ப்பை நீ ஏற்றுக்கொள்வாயா? அவரும் ஏற்கவேண்டும். யோசித்துச் சொல்.

அம்மாவைத் தூது போக வைக்காதே. சாப்பிடு, படி.

பெரியப்பா

*

லின்ஃபீல்ட்
26 ஜூன் 1994

அன்புள்ள அண்ணா,

கடவுள் துணையால் யாவரும் சுகம். இங்கே மழைக்காலம், வீட்டுச் சுவரெல்லாம் ஈரம். ரதிதேவிக்குத் தடிமன், மூக்கடைப்புத்தான், பயப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்டபடி மகேசனிடம் கசெற்றை வாங்கி, பிரதி எடுத்து, இதனோடு அனுப்புகிறேன். நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்கென்ன பயம்? அம்பயர் மைதானத்தில் சொன்னதோடு அவன் வேலை முடிந்தது. ஆனால் பிரணவி உங்கள் முடிவை ஏற்பதாகத் தாயிடம் சொல்லியிருக்கிறாள். நானும் ஏற்கிறேன்.

நீங்கள் அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் கையுறை அனுப்பியிராவிட்டால் இந்தப் பேச்சே வந்திருக்காது. குறையாகச் சொல்லவில்லை.

சுணங்காமல் எழுதுங்கள். வீட்டில் எல்லோரும் நன்றாகவே இருக்கிறோம்.

விநாயகமூர்த்தி

*

ஸ்காபரோ
20 ஜூலை 1994

தம்பிக்கு,

ரதிதேவியின் தடிமன் மாறியிருக்கும். வீட்டில் எல்லோரும் நன்றாக இருப்பதாக ஒரே கடிதத்தில் இரண்டு தரம் எழுதியிருக்கிறாய். ஒரு தரம் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

கசெற் வந்தது. தேத்தண்ணி போட்டு, கண்ணாடியைத் துடைத்து, நீதிபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து போட்டேன். பார்த்தால் திரை முழுக்கக் கறுப்புக் கோடு ஓடுகிறது. உங்கள் நாட்டுக் கசெற் எங்கள் நாட்டு மெஷினில் ஓடாது என்பதை இரண்டு கெட்டிக்காரரும் மறந்துவிட்டோம். சொந்தக்காரரின் கலியாணக் கசெற்றெல்லாம் இப்படித்தான் வந்து கிடக்கும் என்று தெரிந்தும் மறந்தோம்.

இங்கே சற்குணம் என்று ஒருவர் கடை வைத்து மாற்றிக் கொடுக்கிறார். கோடைகாலம், உலகத்திலுள்ள தமிழ்க் கலியாணமெல்லாம் அவர் மேசையில் குவிந்திருக்கிறது. வரிசையில் நில்லுங்கோ என்கிறார். நிற்கிறேன். நீங்களும் நில்லுங்கள்.

அதற்கிடையில் ஒன்று செய். பிள்ளையோடு கதை. அவள் கதைக்காவிட்டாலும் நீ கதை.

தண்டபாணி

*

லின்ஃபீல்ட்
28 ஓகஸ்ட் 1994

அன்புள்ள அண்ணா,

உங்கள் சுகத்தை அறிய ஆவலாயிருக்கிறேன். கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அங்கே பேஸ்போல்காரர்கள் வேலைநிறுத்தம் என்று பேப்பரில் கண்டேன். அப்படியானால் உங்களுக்கு நேரம் இருக்கும்தானே.

நீங்கள் எழுதியபடி கதைத்துப் பார்த்தேன். பிள்ளையின் அறை வாசலில் நின்று, மழை பெய்யுது, காரில் வாவன் என்றேன். அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

டனீடின் விண்ணப்பம் போய்விட்டது. கையெழுத்து ரதிதேவி வைத்தாள். எனக்குப் பிறகுதான் தெரியும். அண்ணா, பெப்ரவரியில் பிள்ளை போய்விடுவாள். இப்படியே போகவிட்டால் எனக்கு மகள் இல்லை. அதை நினைத்தால் நித்திரை வருகுதில்லை.

கசெற்றில் என்ன இருக்கிறது? நான் சரி என்று இருந்தாலும் எழுதுங்கள், பிழை என்று இருந்தாலும் எழுதுங்கள். சும்மா இருக்காதீர்கள்.

மூர்த்தி

*

ஸ்காபரோ
20 செப்டெம்பர் 1994

என் அன்புத் தம்பி மூர்த்திக்கு,

சுகம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. நீயும் இருக்கமாட்டாய்.

போன கிழமை அறிவித்துவிட்டார்கள். இந்த வருடம் இறுதியாட்டம் கிடையாது. முதலாளிகளும் ஆட்டக்காரரும் பிடிவாதமாய் நின்றதில் பருவம் முடியாமலே முடிந்துபோயிற்று. யார் வென்றிருப்பார்கள் என்று இனி ஒருவருக்கும் தெரியாது. தோற்றிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திராது.

கசெற் கைக்கு வந்து சில நாளாகிறது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பூங்கோதையின் முதுகு தட்டை மறைக்கிறது. பிரணவியின் காலும் தெரியவில்லை, கையுறையும் தெரியவில்லை. அவள் சேஃபா அவுட்டா என்று அந்தக் கசெற்றை வைத்து ஆண்டவனாலும் சொல்லமுடியாது. பிரணவிக்கும் இவ்வளவைத்தான் எழுதியிருக்கிறேன்.

உனக்கு மட்டும் மிச்சத்தை எழுதுகிறேன். தட்டுத் தெரியவில்லை, ஆனால் உன் முகம் தெரிகிறது. பிள்ளை சறுக்குகிறாள், புழுதி கிளம்புகிறது, நீ தலையை நிமிர்த்துகிறாய். நேரே கமராவைப் பார்க்கிறாய். அதாவது மகேசனும் மற்றப் பெற்றோரும் இருந்த வரிசையைப் பார்க்கிறாய். அதற்குப் பிறகுதான் உன் கை மேலே போகிறது. இத்தனை மைல் தள்ளி இருந்த எனக்கே நீ என்னைக் கேட்பதுபோல இருந்தது: நான் என்ன சொன்னால் உங்களுக்குச் சரி?

மனுநீதிச் சோழன் தேரேறமுன் தெருவில் இறங்கிப்போய்ச் செத்த கன்றைப் பார்த்தான், தம்பி. நீ பார்க்கவில்லை.

இதைப் பிரணவிக்கு நான் எழுதமாட்டேன். அது உன் வேலை.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அண்ணன்

*

ஸ்காபரோ
11 டிசெம்பர் 1994

தம்பி,

சுகமா என்று கேட்டு இது மூன்றாவது தாள். முதலிரண்டையும் கிழித்துவிட்டேன். செப்டெம்பரில் எழுதியதற்கு உன்னிடமிருந்து ஒரு சொல் இல்லை. பிள்ளையும் எழுதவில்லை. ரெலிபோன் எடுத்தால் ரதிதேவி, எல்லாரும் சுகம் அத்தான் என்று சொல்லி வைத்துவிடுகிறா. பின்னால் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

நான் கடுமையாக எழுதிவிட்டேனா? எழுதியிருந்தால் திட்டி எழுது. திட்டு வந்தாலும் போதும்.

அண்ணன்

*

லின்ஃபீல்ட்
15 ஜனவரி 1995

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். உங்களுக்கும் சுகம் கிடைக்கப் பிரார்த்திக்கிறோம். பொங்கல் நேற்று எளிமையாக நடந்தது.

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. நீங்கள் கடுமையாக எழுதவில்லை. செய்யவேண்டியதைச் செய்தேன். அதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

பிரணவிக்கு டனீடினில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே குளிர் கூட என்று கம்பளி வாங்கியிருக்கிறேன். வரும் மாதம் பயணம்.

வெயில் கடும். தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது.

தம்பி,
மூர்த்தி

*

டனீடின்
26 பெப்ரவரி 1995

அன்புள்ள பெரியப்பா,

எப்படி இருக்கிறீங்கள்? உங்கள் ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை என்று இங்குள்ள ரீவியில் சொன்னார்கள். எனக்கு அறை கிடைத்துவிட்டது. ஜன்னலால் மலை தெரிகிறது. இத்தனை மாதம் எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா உங்களுக்கு ஒன்றும் எழுதியிருக்கமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

ஒக்ரோபரில் தமிழ்ப் பள்ளிக்கூட வாணிவிழா. மவுண்ட் ஆல்பர்ட் மண்டபம் நிறைய ஆட்கள். பரிசு கொடுக்க அப்பாவைக் கூப்பிட்ட மகேசன் மாமா, வழக்கம்போல "எங்கட மனுநீதிச் சோழன்" என்று தொடங்கினார். அப்பா மேடைக்குப் போய் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினார். ஒருவரும் அவரிடம் மைக்கை வாங்கி நான் கண்டதில்லை. அப்பா சொன்னது சொல்லுக்குச் சொல் எனக்குப் பாடம்:

"அண்டைக்கு நான் பிள்ளையின்ர காலைப் பார்க்கவேண்டிய நேரத்தில உங்கட முகங்களைப் பார்த்தனான். காணாததுக்கு அவுட் குடுத்தனான். இனி என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதேங்கோ."

பிறகு சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தார். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

நான் கேட்டது அதைத்தான். ஏழு மாதம் காத்திருந்தது அதற்குத்தான். திரும்பி வரும்போது அப்பாவின் காரில் நானும் ஏறினேன். சிவப்பு லைற்றில் நின்றோம், பச்சை வந்தும் அப்பா காரை எடுக்காமல் இருந்தார். "பச்சை, அப்பா" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அவர் லைற்றைப் பார்க்காமல் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

அன்றிலிருந்து கதைக்கிறோம். ஆனால் ஒன்று மட்டும் என் வாயிலிருந்து வரவில்லை. அப்பா மேடையில் சொன்னதைக் கேட்டு எல்லோரும் நான் சேஃப் என்று எடுத்துக்கொண்டார்கள். வந்து வந்து அனுதாபம் சொன்னார்கள். பூங்கோதையைக் கள்ளி மாதிரிப் பார்த்தார்கள். அவள் மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள். பெரியப்பா, அவள் என்னைத் தொட்டவள். நான் தட்டை எட்டமுன் தொட்டுவிட்டாள். கையுறை காலில் பட்டது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். நான் அவுட். சறுக்கி விழுந்து கிடந்தபடியே நிமிர்ந்து பார்த்தேன், அப்பா என்னைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தார். அதுவும் அந்த நிமிஷமே தெரியும். இரண்டாவதுக்கு வந்த கோபத்தில் முதலாவதை மறைத்துவிட்டேன். அவர் அத்தனை பேருக்கு முன்னால் தன்னைத் தாழ்த்திக்கொண்ட பிறகு எப்படிச் சொல்வது? ஒவ்வொரு நாளும் நாளைக்கு நாளைக்கு என்று விட்டேன். உங்களுக்கும் எழுத முடியாமல் போனது அதனால்தான்.

பயணத்துக்கு முதல்நாள் பூங்கோதையிடம் போய்ச் சொன்னேன். "எனக்குத் தெரியும்தானே, உன்ர அப்பாவுக்குச் சொல்லு" என்றாள்.

எயர்போட்டுக்குப் போகும்போது, அம்மா பின்னால் இருக்கத்தக்கதாக, மாங்கெரே பாலத்தில் ஏறினதும் சொன்னேன்.

"அப்பா, பூங்கோதை என்னைத் தொட்டவள். நான் அவுட்தான்."

அப்பா வேகத்தைக் குறைத்துப் பாலத்தைக் கடந்தார். பிறகு கேட்டார்.

"எந்தக் கால்?"

"வலது. கணுக்காலுக்கு மேல."

"அது நான் நிண்ட பக்கம்."

அதற்குப் பிறகு எயர்போட் வரும்வரை ரோட்டையே பார்த்து ஓட்டினார். கோபமா, ஆறுதலா, எனக்குப் பிடிபடவில்லை.

வழியனுப்ப மகேசன் மாமா வீட்டாரும் வந்திருந்தார்கள், வீட்டில் பொரித்த ஒரு பெட்டி பற்றிஸோடு. பூங்கோதை என்னைக் கட்டிப்பிடித்தாள். அப்பா என் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். "கம்பளியைப் போடு" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தேன். மகேசன் மாமா அப்பாவின் தோளைத் தட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா அவர் பக்கம் திரும்பவில்லை. நான் மறையும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முழங்காலுக்கு நான் இங்கே படித்து மருந்து சொல்கிறேன், அதுவரை படி ஏறாதேங்கோ.

அவுட்டான உங்கள் பிள்ளை,
பிரணவி